மகனை ஏன் கார்னரில் நிறுத்துகிறார் கோச்?

கேள்வி: என் மகன் ஆறடி மூன்று அங்குலம். கல்லூரி அணியில் ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுத்தவன். நான்கு மாதத்துக்கு முன் விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் கூடைப்பந்து அணியில் சேர்ந்தான். இப்போது ஆறேழு நிமிடம்தான் இறக்குகிறார்கள். அதிலும் 'கார்னரில் போய் நில்' என்கிறாராம் கோச். பந்தே கைக்கு வருவதில்லை. வெளிநாட்டு லீக்கில் சேர்த்துவிடுவதாக ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு தந்தை, கரூர்

பதில்: கொடுக்காதீர்கள். வேலையையும் விடச் சொல்லாதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

கார்னரில், அதாவது எதிரணி வளையத்துக்குப் பக்கவாட்டில் ஆடுகளத்தின் மூலையில், நிறுத்துவது தண்டனை இல்லை. மூன்று புள்ளிக் கோடு மற்ற இடங்களில் வளையத்திலிருந்து 6.75 மீட்டர், கார்னரில் 6.60 மீட்டர்தான். அங்கே ஒரு ஷூட்டர் நின்றால் அவனைக் காக்கும் எதிராளி நகர முடியாது. நடுவில் வழி திறக்கும், பந்தைக் கொண்டுவரும் சீனியர் கார்டு உள்ளே புகுந்து வளையத்துக்குப் பக்கத்திலிருந்தே லே-அப் போடுவார். பந்து வரவில்லையே என்று உங்கள் மகன் இரண்டடி உள்ளே வந்தால், தன் எதிராளியையும் கூட்டி வந்து அந்த வழியை அடைத்துவிடுகிறான். கல்லூரியில் பந்தை அவனிடம் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் ஒதுங்கியிருப்பார்கள். இங்கே ஷூட் செய்யக் கிடைக்கும் 24 விநாடிக்குள் முதல் செட், அதாவது முன்கூட்டியே வகுத்த நகர்வு, பிசகினால் இரண்டாவதையும் ஆடியாக வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டே யோசிக்கும் பையனால் அந்த இரண்டாவது செட் செத்துப்போகும்.

ஆனால் ஆறேழு நிமிடத்துக்குக் காரணம் இதைவிட டிஃபென்ஸாகத்தான் இருக்கும். பெற்றோர் கேலரியில் உட்கார்ந்து புள்ளியை எண்ணுகிறார்கள். கோச் எண்ணுவது வேறு. எதிரணி பிக் போட்டால், அதாவது ஒருவர் குறுக்கே நின்று நம் ஆளை மறித்தால், ஆளை மாற்றிக்கொள்வதா, பின்வாங்குவதா? உள்ளே உதவிக்குப் போனவர் விட்ட ஆளை யார் பிடிப்பது? பத்து வருடம் சேர்ந்து ஆடுகிறவர்கள் இதைக் கண்ணாலேயே பேசி முடித்துவிடுவார்கள். இன்று இரவு உங்கள் மகனிடம் இந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள். பட்டென்று பதில் வரவில்லையென்றால் பெஞ்சில் உட்கார வைத்த காரணம் அதுதான். பயிற்சி முடிந்ததும் அன்றன்றைக்கு ஒரு நோட்டில் செட்டுகளை வரைந்து வைக்கட்டும். பெஞ்சில் இருக்கும்போது சீனியர் கார்டு பக்கத்தில் உட்காரட்டும். நீங்கள் கோச்சுக்குப் போன் செய்ய வேண்டாம்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் ஆட்டத்தைப் பற்றிய என் பதில் மாறும். மகன் எந்த இடத்தில் ஆடியவன் என்று நீங்கள் எழுதவில்லை. கல்லூரிகளில் ஆறடி மூன்று அங்குலப் பையனைக் கண்ணை மூடிக்கொண்டு போஸ்டில், அதாவது வளையத்தை ஒட்டி, நிறுத்திவிடுவார்கள். வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று குட்டையான பையன்கள் தலைக்கு மேல் போட்ட 25 புள்ளி, ஆறடி ஏழு, எட்டு அங்குலக்காரர்கள் முன்னால் வராது. அவன் விங்குக்கு, அதாவது வளையத்தை விட்டு வெளியே பக்கவாட்டுக்கு, மாறியாக வேண்டும். வெளியிலிருந்து எறியும் ஷூட் வேண்டும், இடது கை வேண்டும், தன்னைவிட வேகமானவனைத் தடுக்கக் கால் வேண்டும். அதாவது அவன் வேறொரு ஆட்டக்காரனாகவே மாற வேண்டும். அதற்கு முழுதாக ஒரு வருடம் பிடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும். அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வில் கிறிஸ் பாஷ் 2010-இல் டொரண்டோவிலிருந்து மயாமிக்குப் போனபோது சராசரி 24 புள்ளியிலிருந்து 18.7-க்கு இறங்கியது. வளையத்தை விட்டு மெல்ல மெல்ல வெளியே வந்து கார்னரில் நின்று எறியப் பழகினார். 2012, 2013 இரண்டு வருடமும் கோப்பை மயாமிக்கு. உங்கள் மகன் இந்த வகை என்றால் நான்கு மாதக் கணக்கே பொருந்தாது. தினமும் கார்னர் ஷூட் மட்டும் தனியாகப் போடச் சொல்லுங்கள், பந்தைத் தட்டாமல், வாங்கியதும் எறிகிற மாதிரி.

நம் ஏற்பாட்டின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. வேலைக்கு எடுக்கிறார்கள், ஜெர்சி கொடுக்கிறார்கள், அணி எப்படி ஆடுகிறது என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. காலையில் பயிற்சி, பகலில் மேசை வேலை. கோடையில் பெரியகுளம், உங்கள் கரூர், கோவை என்று போட்டிகள் அடுத்தடுத்து வந்து முடிந்துவிடும். மாதக்கணக்கில் ஓடும் லீக் நம் நாட்டில் நிலைத்ததே இல்லை. தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய ஆட்டத்தில் எந்தக் கோச்சும் புதுப் பையனை நம்பி இறக்கமாட்டார். பையன் எங்கேதான் கற்றுக்கொள்வான்?

இந்த ஏக்கத்தை மோப்பம் பிடித்துத்தான் தரகர்கள் வருகிறார்கள். ஹைலைட் வீடியோ கேட்பார்கள், ஏதோ ஒரு கிளப்பின் முத்திரை போட்ட கடிதம் வாட்ஸ்அப்பில் வரும், பிறகு பதிவுக் கட்டணம், விசா கட்டணம் என்று ஆரம்பிக்கும். முன்பணம் கேட்கிறவர் ஏஜென்ட் இல்லை. உண்மையான ஏஜென்டின் கமிஷன் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் வரும். வெளிநாட்டு வீரர் மாற்றங்களைக் கையாள சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிபா இணையதளத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டு கிளப்புக்கு ஆட, இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தின் 'லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்' என்ற தடையின்மைக் கடிதம் தேவை. அரசு ஊழியர் என்பதால் அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். தகுதிகாண் பருவம் முடியாத பையன் சொல்லாமல் விமானம் ஏறினால் வேலை போய்விடும். உங்களிடம் பேசும் ஆள் இதில் எதையாவது சொன்னாரா?

உள்ளூரிலும் ஒரு கூட்டம் உண்டு. ஆடாத போட்டிக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், செலக்டரைத் தெரியும் என்பார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கொடுத்த சான்றிதழ் போலி என்று எந்த வருடம் தெரிந்தாலும் வேலை தங்காது. மகன் முறையாக வந்தவன். அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்க வேண்டாம்.

அந்த நபர் மறுபடி கூப்பிட்டால் கிளப்பின் பெயரையும் தன் ஃபிபா உரிம விவரத்தையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பமாட்டார். ஆன்லைனில் ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால், வந்த செய்திகளை அழிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் இன்றே புகார் சொல்லுங்கள்.