வாசற்படிக்குக் கீழே இருக்கும் தகட்டை எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். மூன்று வருடத்துக்கு முன் கணவரின் கடை நொடித்தபோது, தெரிந்தவர் பேச்சைக் கேட்டு ஒரு மந்திரவாதியிடம் போனோம். அவர் மை போட்டுப் பார்த்து, என் ஓரகத்திதான் செய்வினை வைத்திருக்கிறாள் என்றார். வாசற்படிக்குக் கீழே தகடு புதைத்து, எங்கள் இருவருக்கும் தாயத்து கட்டினார். எடுத்தால் உயிர்ச்சேதம் என்றும் எச்சரித்தார். போன மாதம் உபவாசக் கூட்டத்தில் அழுது மனந்திரும்பினேன். ஆனால் தகட்டைத் தொடப் பயமாக இருக்கிறது. அதை எடுப்பதற்கென்று தனி ஜெபம் உண்டா?

பதில்: அப்படித் தனி ஜெபம் எதுவும் இல்லை, சகோதரி. ஒரு கட்டை அவிழ்க்க அதைவிடப் பெரிய கட்டு வேண்டும் என்பது மந்திரவாதியின் கணக்கு. அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் நீங்கள் விட வேண்டும்.

அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எபேசுவில் தங்கள் செய்கைகளை அறிக்கையிட வந்தவர்களை வேதம் 'விசுவாசித்தவர்கள்' என்றே சொல்கிறது. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பிறகும் மந்திரப் புத்தகங்கள் வீட்டில் இருந்திருக்கின்றன. உங்கள் நிலைமையும் அதுதான், அதனால் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். ஸ்கேவா என்ற யூத ஆசாரியனின் ஏழு குமாரர் இயேசுவின் பெயரையே ஒரு மந்திரம் போலச் சொல்லிப் பேய் ஓட்டப் போய், பேய் பிடித்தவனிடமே அடிபட்டு ஓடியதைக் கேட்ட பிறகுதான் அந்த ஊரில் பயம் உண்டானது. மாயவித்தைக்காரர்கள் புத்தகங்களை எல்லாருக்கும் முன்பாகக் கொளுத்தினார்கள். மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. அன்று ஒரு வெள்ளிக்காசு ஏறக்குறைய ஒருநாள் கூலி. விற்றிருந்தால் பல குடும்பங்கள் பிழைத்திருக்கும். ஆனாலும் அவர்கள் விற்கவில்லை.

தகட்டை எடுக்கும்வரை தேவன் மன்னிக்க மாட்டாரோ என்றும் கலங்க வேண்டாம். அஞ்சனம் (மை) பார்த்து, சூனியம் செய்து, தேவாலயத்துக்குள்ளேயே விக்கிரகத்தை வைத்த ராஜா மனாசே. சிறைப்பட்ட இடத்தில் அவன் தன்னைத் தாழ்த்திக் கெஞ்சியபோதே தேவன் கேட்டார். விக்கிரகத்தை எடுத்து நகரத்துக்கு வெளியே எறிந்தது எருசலேமுக்குத் திரும்பிய பிறகு (2 நாளாகமம் 33). உங்களுக்கும் மன்னிப்பு கிடைத்தாயிற்று. இனி வீட்டைச் சுத்தம் செய்யும் வேலைதான் பாக்கி.

முதலில் கணவரிடம் பேசுங்கள். அவர் சம்மதிக்காமல் அவருடைய தாயத்தில் கை வைக்காதீர்கள். அப்புறம் உங்கள் போதகரையும் நம்பிக்கையான ஒரு மூத்த சகோதரியையும் வீட்டுக்கு அழைத்து, செய்ததைப் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். 'தெரியாமல் ஏதோ தப்பு' என்று சொல்லி நிறுத்த வேண்டாம். உபாகமம் 18-இல் அஞ்சனம் பார்க்கிறவன், மந்திரவாதி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லியே அறிக்கையிடுங்கள். இதற்கென்று காணிக்கை கேட்டு யாராவது வந்தால், தேவனுடைய வரத்தைப் பணம் கொடுத்து வாங்க வந்த சீமோனிடம், 'உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகட்டும்' என்று பேதுரு சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

இப்படி ஒரு வீட்டில் படிக்கல்லை நெம்பியபோது நான் கூட இருந்தேன். விரல் நீளத்துக்குச் சுருட்டிய செப்புத்தகடு, பச்சை பூத்துப்போயிருந்தது. கட்டியிருந்த கறுப்புக் கயிறு தொட்டதும் மண்ணோடு உதிர்ந்தது. வியர்த்துப்போய் நின்ற அந்த அம்மா அதைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா ஐயா?" என்றார். இரண்டு வருடமாக அந்தப் படியை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனவர் அவர்.

கயிறு, தாள் எல்லாம் எரியும். செம்பு அடுப்புத் தீயில் எரியாது. எழுத்து தெரியாதபடி சுத்தியலால் அடித்து நசுக்கி எறிந்துவிடுங்கள். தாயத்துக் கூடு வெள்ளியாக இருந்தாலும் விற்க வேண்டாம்.

எடுத்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருவது போலத்தான் அதுவும். டாக்டரிடம் போங்கள். உங்களுக்கே தூக்கம் கெட்டு, யாரோ பேசுவது போலக் கேட்டால், ஜெபத்தோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

எனக்குப் பாரமாக இருப்பது உங்கள் ஓரகத்தியின் காரியம். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. மையில் தெரிந்ததாக ஒருவர் சொன்ன பேச்சை நம்பி, மூன்று வருடமாக அவரைச் சந்தேகித்திருக்கிறீர்கள். தகட்டை எறிந்துவிட்டு அந்தச் சந்தேகத்தை வைத்திருந்தால், அந்த மந்திரவாதியின் வாக்குதான் இன்னும் உங்கள் வீட்டில் நிற்கிறது. உறவுக்காரர்களிடம் சொல்லியிருந்தால், அவர்களிடமே போய் 'நான் சொன்னது தப்பு' என்று திருத்துங்கள். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தால் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். அவருக்கு எதுவுமே தெரியாதென்றால், உங்கள் மன ஆறுதலுக்காக அதை அவர் தலையில் இறக்க வேண்டாம். விட்டுப்போன போக்குவரத்தைத் திரும்பத் தொடங்குங்கள், அவர் வீட்டில் சாப்பிடுங்கள்.

தகடு எடுத்த குழியை வெறும் மண் போட்டு மூடுங்கள். காவலாக இருக்கட்டும் என்று அதில் எதையும் வைக்காதீர்கள், வசனம் எழுதிய தாளைக்கூட.