சாட்ஸ்வொர்த்துக்கு வரும் தங்கைக்கு

கோயம்புத்தூரிலிருந்து ஆறு மாதத் தன்னார்வப் பணிக்குத் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பன் நகரத்துக்கு வருகிறீர்கள், அதன் ஒரு பகுதியான சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்க ஏற்பாடாகியிருக்கிறது, நீங்கள் சுத்த சைவம், அவர்களுக்குத் தமிழ் பேச வராதாம், எப்படி ஒட்டிப்போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழரைக் கல்யாணம் செய்து டர்பனில் குடியேறியவள். என் மாமியார் வீட்டில் உங்களைப் போலத் தன்னார்வலர்கள் பலர் வந்து தங்கியிருக்கிறார்கள். அதனால் வந்து தங்குகிறவர் படும் பாடும் தெரியும், தங்கவைக்கிறவர் மனசும் தெரியும்.

முதலில் ஒன்று. அந்த வீட்டுக்கு நீங்கள் வெறும் விருந்தாளி இல்லை. மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பனில் வந்து நின்றது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கொண்டுவருவது 1911 வரை நடந்தது. நாலைந்து தலைமுறை ஓடிவிட்டது. பூட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. அந்த மண்ணிலிருந்து ஒரு பெண் வந்து தங்கள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கப்போகிறாள் என்றால் அவர்களுக்கு அது பெரிய விஷயம். உங்களை விளக்கேற்றச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள், பூஜையில் சந்தேகம் கேட்பார்கள். தெரிந்ததைச் செய்யுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்காமல் எதையும் திருத்தப் போகாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

என் மாமியாரின் அம்மாவை நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை மாலை காமாட்சி விளக்கை ஏற்றிவிட்டு ஒரு பழைய நோட்டை மடியில் விரித்துவைத்துப் பாடுவார். எல்லாம் தமிழ்ப் பாட்டு, எழுதியிருப்பது ஆங்கில எழுத்தில். ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும், சில இடங்களில் சொல் வேறு மாதிரி பிரியும். வந்து தங்கியிருந்த ஒரு பெண் பாதியில் நிறுத்தி உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தாள். நல்ல மனசோடுதான் செய்தாள். அடுத்த வெள்ளியிலிருந்து அவள் வீட்டில் இருக்கும்போது ஆயா வாய்விட்டுப் பாடவே இல்லை. அவளுக்குப் பிறகு வந்த பையன் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடினான். சில வாரம் போனதும் ஆயாவே நோட்டை அவன் பக்கம் நகர்த்தி, இந்த வரி சரியா பார் என்று கேட்டார். சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் இல்லாமல், பேசிப் பழக ஆள் இல்லாமல் அந்த அம்மாள் கட்டிக்காத்த தமிழ் அது.

மற்ற வழக்கங்களும் அப்படியே. மவுன்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று பெரிய திருவிழா நடக்கும். அன்றைக்கு ஏன் மாரியம்மனுக்கு என்று தோன்றும். தோட்டத்து ஆட்களுக்கு லீவு கிடைத்த நாள் அதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆடியில் கூழ் ஊற்றுவதைப் பாரிட்ஜ் பிரேயர் என்பார்கள். கூப்பிட்டால் போய், பானை கழுவுவதிலிருந்து கூட நில்லுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியோ கோழியோ மணக்கும், நிஜம்தான். ஆனால் புரட்டாசி முழுவதும் கறி தொடாத தமிழ் வீடுகள் இங்கே ஏராளம். விரதத்துக்கென்று தனிப் பாத்திரம் எடுத்துவைக்கும் வழக்கமும் உண்டு. அதனால் தனிச் சட்டி கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கிளம்புவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: முட்டை உண்டா, கறி சமைத்த சட்டியில் சமைத்ததைச் சாப்பிடுவீர்களா, எல்லாவற்றையும். முதல் நாள் ராத்திரி ஆசையாகச் சமைத்து வைத்த பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னால் அந்த ஆன்ட்டிக்கு மனசு சங்கடப்படும். பீன்ஸ் கறி, பருப்பு, கீரை எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். கீரையை ஹெர்ப்ஸ் என்பார்கள். பல வீட்டுத் தோட்டத்தில் கறிவேப்பிலை நிற்கும். காரம் நம் ஊரைவிடக் கூடவே இருக்கும். வாரத்தில் ஒருநாள் சமையல் உங்களுடையது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரசமும் பொரியலும் வைத்தாலே போதும், அடுப்படியில் உங்களுக்கு ஓர் இடம் வந்துவிடும்.

உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கப்போவது வெளியே போவதுதான். கோயம்புத்தூரில் ஏழு மணிக்குக் கடைக்குப் போய்விட்டு நடந்தே வீடு திரும்பியிருப்பீர்கள். இங்கே ஜன்னலுக்கெல்லாம் கம்பி, வாசலுக்கு ரிமோட் கேட். இருட்டிய பிறகு யாரும் தெருவில் நடப்பதில்லை. ஜூனில் சாயந்திரம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஐந்தரைக்கு நீங்கள் வந்து சேரவில்லை என்றால் அந்த வீட்டில் ஒருவர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பார். எங்கே, யாரோடு, எப்போது வருவாய் என்று கேட்பதைக் கட்டுப்பாடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கார் கடத்தலோ வழிப்பறியோ சொந்தத்தில் நடக்காத குடும்பம் இங்கே குறைவு. கிளம்பும்போது ஒரு செய்தி, போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் அவர்களே உங்களைக் கடற்கரைக்கும் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சாப்பாட்டு மேஜையில் கறுப்பின மக்களைப் பற்றிச் சில சமயம் காதில் விழும் பேச்சு உங்களுக்குக் கூசும். எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்த இனவாரிப் பகுதிச் சட்டம் என்று 1950-ல் ஒன்று வந்தது. கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்தியர்களைக் கிளப்பி, அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். பக்கத்திலேயே உம்லாஸி, கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய ஊர். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போகாமலே தலைமுறைகள் வளர்ந்தன. 2021 ஜூலையில் டர்பன் பகுதியில் கடைகள் சூறையாடப்பட்டு, இந்தியர்களும் கறுப்பின மக்களும் மோதிக்கொண்ட கலவரத்தின் காயம் இரண்டு பக்கமும் இன்னும் ஆறவில்லை. வந்த வாரமே வாதத்துக்குப் போகாதீர்கள், அதற்காகத் தலையாட்டவும் வேண்டாம். அவர்களுடைய ஜூலு மொழியில் சாவுபோனா என்று வணக்கம் சொல்லவும் ங்கியபோங்கா என்று நன்றி சொல்லவும் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் நடந்த நல்லதை ராத்திரி வீட்டில் வந்து சொல்லுங்கள். என் மாமனார் எங்கள் வீட்டுத் தன்னார்வலர்கள் சொல்வதை அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒருநாள் தானே அவர்கள் வேலை செய்த உணவுக்கூடத்துக்குக் கரண்டி பிடிக்கப் போனார்.

வீட்டு நடப்பில் சில சின்ன விஷயங்கள். பல வீடுகளில் மின்சாரத்துக்கு முன்பணம் கட்டி மீட்டரில் ஏற்ற வேண்டும். அதை விழுங்குவது வெந்நீர் கீசர். குளியலைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. வாளியில் பிடித்துவைப்பது நமக்குப் புதுசா என்ன. நீங்கள் தங்குவதற்கு நிறுவனம் அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது கொடுக்கிறதா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் நேரே பணம் நீட்டாதீர்கள், வாங்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை மளிகை வாங்கி வைத்துவிடுங்கள். இந்தியாவைவிட இங்கே மூன்றரை மணி நேரம் பின்னால். அம்மாவோடு பேச இங்கே சாயந்திரம் ஐந்து, ஐந்தரை சரியான நேரம். ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் போனோடு அறைக்குள் போய்விட்டால் அந்த வீட்டோடு ஒட்ட முடியாது. பேசும்போது ஆன்ட்டியையும் ஒரு தடவை திரையில் காட்டுங்கள். இரண்டு அம்மாக்களும் பாஷை புரியாமலே பேசிக்கொள்வார்கள், அதன்பிறகு உங்களைப் பற்றி இரண்டு பக்கமும் கவலை குறையும்.

பெட்டியில் மசாலாப் பொடியை அடைக்காதீர்கள், டர்பனில் கிடைக்காத மசாலா இல்லை. விதை, செடி, தேன் எதுவும் வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பெட்டியில் மிச்சமாகும் இடத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்த அரிச்சுவடியும் குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்களும் கொண்டுவாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் போக மீதி இருந்தால் கோயில்களில் நடக்கும் தமிழ் வகுப்புகளுக்குக் கொடுக்கலாம், எங்கே தேவை என்று நானே விசாரித்துச் சொல்கிறேன்.