சித்தப்பாவும் நவூருவும்

அண்ணா வணக்கம். நான் தண்டையார்பேட்டைல இருக்கேன். குட்டி குட்டி தீவெல்லாம் சுதந்திரம் வாங்கி என்னத்த கண்டுச்சு? பசிபிக் கடல்ல இருக்கிற நவூரு திவாலாச்சு, பிரான்ஸ் கூடவே இருந்துட்ட ரீயூனியன் தீவு நல்லாத்தான் இருக்கு. நிர்வாகம் பண்ணத் தெரியாதவங்களுக்கு சுதந்திரம் எதுக்கு?

தம்பி,

ரீயூனியன விடு, பாரிஸ்லேர்ந்து துட்டு வருது, வாழுறாங்க. ஆனா "நிர்வாகம் தெரியாதவங்க"ன்னு எழுதின பாரு, சுர்ருன்னு ஏறிடுச்சு. நம்ம தாத்தாவ பாத்து வெள்ளக்காரன் சொன்ன அதே டயலாக், இப்ப நீ சொல்ற.

நவூரு மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். அங்க இருந்த பாஸ்பேட்ட, அதான் உரம் பண்ற பாறைய, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூணு பேரும் சேந்து தோண்டி, தங்களோட ஊரு விவசாயிங்களுக்கு உலக ரேட்ட விட சல்லிசா குடுத்துட்டு இருந்தாங்க. 1968ல சுதந்திரம், 1970ல சுரங்கம் கைக்கு வந்துச்சு, அப்பதான் அந்த மண்ணோட அசல் விலையே தெரிஞ்சுது.

என் சித்தப்பா காசிமேட்டுல போட் வெச்சிருந்தார். இஞ்சின் வாங்க ஒரு வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்கினதால புடிக்கிற மீனெல்லாம் அந்தாளுக்குத்தான் போடணும். விடியக்காலைல பக்கத்து கூடை ஏலத்துல ஏறிக்கினே போவும், இவரு வஞ்சிரத்த அந்தாளு கால் கட்டவெரலால நகத்திப் பாத்து ஒரு ரேட்டு சொல்லுவான், சித்தப்பா வாயே தொறக்க மாட்டார், நான் செதறின ஐஸ பொறுக்கி வாயில போட்டுக்கினு நிப்பேன்.

கடன அடைச்சப்புறம் அவரும் ஒண்ணும் சேத்து வெக்கல. கலர் டிவி, மோதிரம், தெருவுக்கே பிரியாணி. நவூரு மெல்போர்ன்ல 52 மாடி கட்டுச்சு, சொந்தமா ஏர்லைன்ஸ் ஓட்டுச்சு, பாஸ்பேட் கொறஞ்சதும் சொத்துல பெரும்பகுதி கையவிட்டு போச்சு. ஊதாரித்தனம்தான், யாரு இல்லன்னா? அதே 1968ல சுதந்திரம் வாங்கின மொரீஷியஸ் கரும்ப மட்டும் நம்பாம துணி தைச்சு ஏத்துமதி பண்ணி பொழைச்சுதே, அத ஏன் நீ எழுதல?

இன்னொண்ணும் கேட்டுக்கோ. தோண்டி நாசமாக்கின நெலத்துக்காக நவூரு 1989ல ஆஸ்திரேலியா மேலயே சர்வதேச கோர்ட்ல கேஸ் போட்டுச்சு. 1993ல 10 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல தரேன்னு சமாதானத்துக்கு வந்தாங்க. அடிமையா இருந்திருந்தா கோர்ட் வாசப்படி மிதிக்க முடியுமா? சொல்லு.

சித்தப்பாவுக்கு இப்ப பேரப்பசங்க பேரே மாறிப்போவுது. ஆனா மொத மொதல்ல ஏலத்துல விட்ட அந்த கூடை என்ன விலைக்குப் போச்சுன்னு கேளு, பைசா சுத்தமா சொல்லுவார்.