படிப்புக் குழுவும் அரைப் பங்கும் – கடிதம்

வணக்கம் ஐயா,

சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வயது 43. இதுவரை மூன்று இணையப் பாடங்களில் சேர்ந்து, மூன்றையும் சில வாரங்களிலேயே விட்டுவிட்டேன். இம்முறை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்னும் கணினி அறிமுகப் பாடத்தைத் தொடங்கும்போதே, தனியாகப் படித்தால் இதையும் விட்டுவிடுவேன் என்று அஞ்சி, தெரிந்தவர்களுக்குச் செய்தி அனுப்பி ஒரு குழு சேர்த்தேன். வாட்ஸ்அப்பில் 19 பேர் சேர்ந்தார்கள். முதல் சனிக்கிழமை 11 பேர் வந்தார்கள், அடுத்த வாரம் ஆறு பேர், சென்ற வாரம் என்னையும் சேர்த்து நால்வர்.

அந்த நால்வரில் ஒருவர் மென்பொருள் பொறியாளர், நல்ல மனிதர். இரண்டு மணி நேரமும் அவரே விளக்குகிறார். கேட்கும்போது எல்லாம் புரிகிறது. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் ஒரு வரிகூட எழுத வரவில்லை. அவரை நிறுத்தச் சொல்வது முறையா? குழுவில் எத்தனை பேர் இருப்பது நல்லது? ஆங்கிலப் பாடத்தை நாங்கள் தமிழில் பேசிப் படிப்பது பின்னால் இடைஞ்சலாகுமா? எங்கே கூடுவது என்பதும், சிரிக்காதீர்கள், பலகாரம் யார் கொண்டுவருவது என்பதும்கூடச் சிக்கலாகியிருக்கின்றன. இதே பாடத்தை நண்பர்களோடு படித்ததாக நீங்கள் ஒருமுறை எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

பத்தொன்பது நால்வரானதைத் தோல்விக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் இன்னொரு கணக்கையும் காட்டுகிறேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டில் மின்சுற்றுகள் பற்றிய தன் முதல் இலவச இணையப் பாடத்தைத் தொடங்கியபோது ஏறத்தாழ 155,000 பேர் பதிவு செய்தார்கள். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. பணம் கட்டாமல், வீட்டைவிட்டு நகராமல், ஒரு பொத்தானை அழுத்திச் சேர்ந்துவிடக்கூடிய எதிலும் சேர்வதும் விலகுவதும் ஒரே அளவு எளிதாகத்தான் இருக்கும். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த பதினைந்து பேர் ஒரு நல்ல எண்ணத்துக்குக் கைதூக்கியவர்கள், அவ்வளவே. அவர்களைத் திரும்ப அழைக்க நீங்கள் செலவிடும் ஒவ்வொரு செய்தியும், வந்துகொண்டிருக்கும் மூவரிடமிருந்து எடுக்கப்பட்ட நேரம்.

ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பெருமையாகச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கயிறு இழுப்பதை உண்மையிலேயே அளந்து பார்த்த ஒருவர் இருந்தார். ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீடுகளின்படி, எண்மர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியைத்தான் செலுத்தினார்கள். எல்லாரும் ஒரே நொடியில் இழுக்க முடியாதது ஒரு காரணம். மற்றவர்கள் இழுத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு இன்னொரு காரணம் என்று பின்வந்த ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். படிப்புக் குழுவில் அந்த இரண்டாவது காரணம்தான் ஆளைக் கொல்லும். பதினொரு பேர் வந்தால், இந்த வாரம் நான் பயிற்சிக் கணக்கைப் போடாமல் வந்தது எவருக்கும் தெரியாது. நால்வர் வந்தால் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். என் அனுபவத்தில் ஐவர் அல்லது அறுவர் போதும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வேலைமுறை மாற்றம் என்று ஆனாலும் மேசையில் மூவராவது மிஞ்ச வேண்டும் என்பதால்தான் நான்கோடு நிறுத்தாமல் இன்னும் ஒருவரையோ இருவரையோ தேடச் சொல்கிறேன்.

இனிப் பொறியாளர். உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் கல்வியை நான்கு கால்பங்காகப் பிரித்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு கிடைக்கிறது. எஞ்சிய அரைப் பங்கு, தான் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால்தான் வருகிறது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்து ஒப்பித்தபோது எனக்கு இதில் ஒன்றும் தோன்றவில்லை. படிப்புக் குழு நடத்திக் கெடுத்த பிறகுதான் அதன் கூர்மை தெரிந்தது. உங்கள் பாடத்தில் ஆசிரியரின் கால்பங்கைப் பேராசிரியர் டேவிட் மாலன் திரையில் ஏற்கெனவே கொடுத்துவிடுகிறார், மிகச் சிறப்பாகவே கொடுக்கிறார். உங்கள் பொறியாளர் சனிக்கிழமைதோறும் அதே கால்பங்கைத்தான் மறுபடி பரிமாறுகிறார். அதைவிட முக்கியம், எடுத்துரைப்பவருக்குச் சேர வேண்டிய அரைப் பங்கு முழுவதும் அவர் வீட்டுக்கே போகிறது. ஏற்கெனவே தெரிந்த ஒருவர் இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ள, மற்ற மூவர் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்கும்போது புரிவதும் வீட்டில் எழுத வராததும் இதனால்தான்.

'கெடுத்த பிறகு' என்று எழுதினேன். எங்கள் குழுவில் அந்தப் பொறியாளர் நான்தான். பொறியாளன் இல்லை, ஆனால் கல்லூரியில் சிறிது நிரல் எழுதிய பழக்கம் இருந்ததால் முதல் நான்கு வாரங்கள் நானே பேசினேன். எவரும் தடுக்கவில்லை. தலையாட்டினார்கள், நன்றி சொன்னார்கள், நானும் மகிழ்ந்தேன். ஐந்தாம் சந்திப்பில் தொண்டை கட்டிக்கொண்டு பேச முடியாமல் போனது எங்கள் நல்லூழ். அது கணினியின் நினைவகம் பற்றிய பாடம், அதில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் பாயிண்டர் வரும் வாரம். அந்த இடத்தில் கைவிடுபவர்கள் ஏராளம். விரிவுரையில் ஒரு காட்சி வரும். ஒரு சொல்லைப் பிரதி எடுத்து, பிரதியின் முதல் எழுத்தை மாற்றினால் மூலமும் மாறிவிடும். ஏன் என்று எவருக்கும் பிடிபடவில்லை. நான் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்க, பொட்டலங்களை வீடுவீடாகக் கொண்டு சேர்க்கும் வேலையில் இருந்த நண்பர் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு டிரைவர்கிட்ட ஒரே முகவரிச் சீட்டு இருந்தா, வீடு ரெண்டாயிடுமா?" 1995ஆம் ஆண்டிலிருந்து இந்த ஊரில் ஒவ்வோர் அடுக்குமாடி புளோக்குக்கும் ஓர் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருக்கிறதல்லவா, அதைத் தாளில் எழுதி வைத்து, சீட்டைக் கிழித்தால் புளோக் இடியாது, சீட்டைப் பிரதி எடுத்தால் புளோக் பெருகாது, ஒருவர் போய்க் கதவுக்கு வண்ணம் பூசினால் இன்னொருவர் போகும்போது அந்த வண்ணத்தைத்தான் பார்ப்பார் என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். நான்கு வாரங்களாக வாய் திறக்காதிருந்த மனிதர் அவர். நான் அதே பொருளை விளக்கியிருந்தால் ஆங்கில விரிவுரையின் தமிழ் நிழலைத்தான் தந்திருப்பேன்.

அதன்பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு எளியது. ஒவ்வொரு வாரமும் ஒருவர், சீட்டுக் குலுக்கி, அந்த வாரத்தின் ஒரு சிறு பகுதியைக் கால் மணி நேரம் எடுத்துரைக்க வேண்டும். யார் என்பது அன்றைக்குத்தான் தெரியும். மேரியோ விளையாட்டில் வருவதுபோல் கட்டங்களை அடுக்கிப் படிக்கட்டு வரையும் முதல் வாரப் பயிற்சி நினைவிருக்கும், அந்த அளவுக்குச் சிறிய பகுதி போதும். திணறினால் திணறட்டும், பாதியில் நின்றாலும் பரவாயில்லை. நன்றாகத் தெரிந்தவர் கடைசியில் மட்டும், அதுவும் கேட்டால் மட்டும் பேசுவார். உங்கள் பொறியாளரிடம் 'பேசாதீர்கள்' என்று சொல்ல வேண்டாம். அது முறையும் அன்று. தேர்வாளர் வேலையைக் கொடுங்கள். நாங்கள் சொல்வதில் எது தவறு என்பதைக் குறித்துக்கொண்டு, விடையைச் சொல்லாமல், அந்தத் தவறு வெளிப்படும்படி ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்ளுங்கள். விளக்குவதைவிட அது பல மடங்கு கடினம். நல்ல மனிதர் என்கிறீர்கள், ஆதலால் ஒப்புக்கொள்வார். பொறியாளர் என்கிறீர்கள், ஆதலால் அந்தக் கடினத்தை விரும்பவும் செய்வார்.

குழு என்பது தனியே படிப்பதற்கு மாற்று என்று எண்ணிவிடக் கூடாது. யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், நுண்கணிதப் பாடத்தில் சில மாணவர் குழுக்கள் மட்டும் ஏன் தேறுகின்றன என்று அறிய, அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். நன்றாகத் தேறிய சீன அமெரிக்க மாணவர்கள் கணக்குகளை முதலில் தனித்தனியே போட்டுவிட்டு, மாலையில் கூடி, ஒருவர் விடையை ஒருவர் திருத்தினார்கள். திணறிய கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகளாக இல்லை. கடுமையாக, ஆனால் தனியாகவே படித்தார்கள். எல்லாராலும் முடியாத கணக்கு எது, தன்னால் மட்டும் முடியாதது எது என்பது தனியே படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆகவே வீட்டில் முயன்று எங்கே சிக்கிக்கொண்டோம் என்பதைக் கையில் பிடித்துக்கொண்டு சனிக்கிழமை வர வேண்டும். 'ஒன்றுமே புரியவில்லை' என்று ஒருவர் சொன்னால், எந்த வரி வரைக்கும் புரிந்தது என்று கேளுங்கள்.

இதில் ஒரு வேலியும் உண்டு. பயிற்சிகளைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதையும், பிழை தேட உதவி கேட்டுத் தான் எழுதியதைக் காட்டுவதையும் அந்தப் பாடத்தின் விதிகள் ஏற்கின்றன. விடைக்காக மற்றவர் எழுதி முடித்ததைப் பார்ப்பதை ஏற்பதில்லை. வாட்ஸ்அப்பில் 'முடித்துவிட்டேன், இதோ' என்று நிரலின் படத்தைப் போடும் நல்ல உள்ளங்களை முதல் முறையே அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

தமிழில் பேசுவது இடைஞ்சல் ஆகுமா என்ற கேள்விக்கு விடை மேலே முகவரிச் சீட்டிலேயே இருக்கிறது. லூப், வேரியபிள், கம்பைலர் போன்ற கலைச்சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். விரிவுரையின் ஆங்கில வாக்கியம் கைகொடுக்காத இடத்தில்தான் நமக்குப் புரிந்ததா என்பது தெரியவரும். கலைச்சொற்களைத் தமிழாக்கும் விவாதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. எங்கள் குழுவில் அதுவே ஒரு மாலை முழுவதையும் விழுங்கியிருக்கிறது. ஆகவே எச்சரிக்கிறேன்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உட்லண்ட்ஸ் வட்டார நூலகம் உங்களுக்கு அருகில் இருக்கிறது, ஆனால் சனிக்கிழமைகளில் இருக்கை கிடைப்பது அரிது, சத்தமாக வாதிடவும் முடியாது. நாங்கள் புளோக்குக்குக் கீழே சதுரங்கக் கட்டம் வரைந்த கல் மேசையில்தான் தொடங்கினோம்; மடிக்கணினிக்கு மின்சாரம் இல்லாததால் ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் தானாக முடிந்தது, அதுவே நல்லதாகப் போயிற்று. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கோவிட் நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கியதும் ஸூமுக்கு மாறினோம். அதன் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் துண்டித்துவிடும் என்பதால் நலம் விசாரிப்பதெல்லாம் இரண்டு நிமிடமாகச் சுருங்கியது. இடத்தைவிட நாள்காட்டியைக் கவனியுங்கள். உங்கள் குழுவில் தொடக்கநிலை ஆறில் பிள்ளை படிக்கும் தாய் தந்தையர் இருந்தால், செப்டம்பர் கடைசியில் தொடங்கும் பிஎஸ்எல்இ என்னும் தொடக்கப்பள்ளி இறுதி எழுத்துத் தேர்வு முடியும்வரை அவர்களிடம் பாடத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அந்த வாரங்களை முன்கூட்டியே விடுமுறையாக அறிவித்துவிட்டால், வராதவர் என்ற குற்ற உணர்ச்சி இல்லாமல் அவர்கள் திரும்பி வருவார்கள். ஒரு வாரம் விட்டவர் மறுவாரம் வராததற்குப் பெரும்பாலும் கூச்சம்தான் காரணம்.

பலகாரத்துக்கு வருகிறேன். சிரிக்கவில்லை. எங்கள் குழுவில் முதல் வாரம் ஒருவர் கடையில் வாங்கிய பிஸ்கட் கொண்டுவந்தார். அடுத்த வாரம் உளுந்து வடை வந்தது, அதற்கடுத்த வாரம் பணியாரமும் இரண்டு வகைச் சட்னியும். ஏழாவது வாரம் முறை வந்த நண்பர் ஒருவர் வரவே இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு தேக்காவில் எதிர்ப்பட்டபோது கேட்டேன்: பயிற்சியை முடித்திருந்தாராம், சமைக்கத்தான் நேரம் இல்லையாம். அதனால் குழுவில் எவரும் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று விதி வைத்துவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் கீழே கோப்பிக் கடைக்குப் போய், அவரவர் கோப்பிக்கு அவரவர் காசு கொடுக்கட்டும்.

அன்புடன்.