கூட்டாளியின் கையும் கைத்தடியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது, வணிகவரி செக்போஸ்ட்டில் வேலை பார்த்தவர். அன்றைக்கு அவரிடம் பில்லுக்காக மல்லுக்கு நின்ற மலையாளி லாரி டிரைவர்தான் இன்றைக்கு அவருக்கு உயிர்க் கூட்டாளி. 2017-ல் ஜிஎஸ்டி வந்து செக்போஸ்ட்டே போய்விட்டது. இவர்கள் தினமும் காலையில் எல்லை தாண்டி டீக்கடை வரை நடப்பது மட்டும் நிற்கவில்லை. மாமனாருக்குக் காது மந்தம். கூட்டாளிக்குச் சர்க்கரை, பார்வையும் மங்கல். போன வாரம் அவர் வழியில் வேர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். மாமனார் 108-க்குப் போட்டும் எதிர்முனையில் பேசியது காதில் விழவில்லை. இனி அனுப்ப வேண்டாம் என்கிறார் கணவர்.
— வாசகி, கோபாலபுரம்

பதில்: அனுப்புங்கள் அம்மா. காது மந்தமானவர்கள் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுவார்கள். பொறுமையாகப் பேச ஓர் ஆள் இருக்கும்போது அதைப் பறிக்கக் கூடாது.

கூட்டாளிக்கு வந்தது தாழ்சர்க்கரையாக, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிப்போனதாக இருக்கலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் நடந்தால் இப்படி ஆகும். அவர் வீட்டாரிடம் சொல்லி டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையைத் தாங்களாகக் குறைக்க வேண்டாம். நடை இனி டிபனுக்குப் பிறகு இருக்கட்டும். இருவர் பையிலும் சர்க்கரைப் பொட்டலம் வேண்டும். நடுக்கம் வந்ததும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

நடக்கும்போது சாலையின் வலது ஓரம். பின்னால் வரும் லாரியின் ஹாரன் மாமனாருக்குக் கேட்காது, எதிரே வரும் லாரி கண்ணில் படும். அவர் கூட்டாளியைப் பிடித்து இழுக்கக் கூடாது. கூட்டாளிதான் இவருடைய வலது கையை முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து, அரையடி பின்னால் வர வேண்டும். அப்போது மேடு பள்ளம் அந்தக் கை வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். கூட்டாளி வலப்பக்கம் வருவதால், மாமனாரின் நல்ல காது இடது காது என்றால் பேச்சை டீக்கடைக்கு வைத்துக்கொள்ளட்டும். அங்கே எதிரெதிரே உட்கார்ந்து, பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி, நிறுத்தி நிதானமாகப் பேசினால் போதும். கத்தினால் சத்தம்தான் கூடும், சொல் தெளியாது.

போனில் எண்ணை அழுத்துவது மாமனார், பேசுவது கூட்டாளி. அவர் மயங்கிவிட்டால் அருகில் இருப்பவரிடம் போனைக் கொடுக்கட்டும். யாருமே இல்லையென்றால் பதிலுக்குக் காத்திராமல் மாநிலம், ஊர், அடையாளம், ‘சர்க்கரைக்காரர், மயக்கம்’ என்று மூன்று முறை சொல்லட்டும். 108 இரு மாநிலத்துக்கும் பொது. எல்லையோரத்தில் அழைப்பு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் மாநிலத்தை முதலில் சொல்ல வேண்டும். மருந்துப் பெயர்களும் இரு வீட்டு எண்களும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய சீட்டு இருவர் சட்டைப் பையிலும் இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு வலது முழங்காலில் வலி. சிநேகிதர் கொடுத்த தடியைத்தான் ஊன்றுவேன் என்கிறார். அவரோ அப்பாவைவிட நல்ல உயரம்.
— வாசகர், வாளையார்

பதில்: அதே தடி இருக்கட்டும், அளவை மட்டும் மாற்றுங்கள். அப்பா செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு ரேகை வரைதான் பிடி வர வேண்டும். மிச்சத்தை அடியில் அறுத்துவிட்டுப் புது ரப்பர் குமிழ் மாட்டுங்கள். தேய்ந்த ரப்பர் ஈரத் தரையில் வழுக்கும். தடியை இடது கையில் பிடித்து, வலது காலோடு சேர்த்து முன்னால் வைக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடித்தால் பாரம் அந்த மூட்டிலேயே இறங்கும்.