உறுமல் நின்றுபோன வீடு

அன்புள்ள சார்,

வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு மாத லேப்ரடார் இருக்கிறான், பெயர் ராக்கி. மற்றபடி நல்ல பையன். ஆனால் சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உறுமுவான். செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் திருப்பி வாங்க முடியாது, அங்கேயும் உறுமல்தான். குட்டியிலேயே சாப்பாட்டுத் தட்டில் கைவிட்டுப் பழக்க வேண்டும் என்றார்கள். தினமும் செய்தேன். அப்படியும் இந்த நிலை.

இங்கே உள்ள பயிற்சியாளர் ஒருவர், "அவன் உங்களைத் தலைவனாக மதிக்கவில்லை. உறுமினால் மல்லாக்கப் புரட்டி, அடங்கும்வரை அழுத்திப் பிடியுங்கள்" என்றார். சில தடவை செய்தேன். உறுமல் சுத்தமாக நின்றுவிட்டது. அதை உங்களுக்குக் காட்டலாம் என்று மனைவி மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், போன வாரம், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் என் கையைக் கடித்துவிட்டான். இரண்டு இடத்தில் பல் இறங்கியிருக்கிறது. வீட்டில் ஏழு வயது மகள் இருக்கிறாள். அப்பா "யாரிடமாவது கொடுத்துவிடு" என்கிறார். பயிற்சியாளர் "ஒரு மாதம் என்னிடம் விடுங்கள், திருத்தித் தருகிறேன்" என்கிறார். என்ன செய்யட்டும்? வீடியோவை அனுப்பியிருக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் மேலே பாய்கிறான், அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர், பாளையங்கோட்டை
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கை. ஊசி போட்டுக்கொண்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை. போடவில்லை என்றால் இதைப் பாதியில் நிறுத்திவிட்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. ராக்கியின் ஊசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். மூன்று மாத வயதில் போட்ட ரேபிஸ் ஊசியோடு அட்டையைத் தொலைத்துவிட்ட வீடுகளை நிறையப் பார்க்கிறேன்.

இனி வீடியோ. ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், நீங்களும் அப்படிப் பாருங்கள். ஆரம்பத்தில் தட்டு தரையில் உரசும் சத்தம், சளக் சளக்கென்று அவன் தின்னும் சத்தம். நீங்கள் அடுப்படி வாசலைத் தாண்டி உள்ளே வருகிறீர்கள். சத்தம் வேகமெடுக்கிறது, மெல்லாமல் அள்ளி விழுங்குகிறான். இன்னும் இரண்டு எட்டு வைக்கிறீர்கள். சத்தம் நின்றுவிடுகிறது. வாய் தட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் தின்னவில்லை. தலை அசையாமல் கண் மட்டும் உங்கள் பக்கம் திரும்புகிறது, கண்ணோரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. காது பின்னால் ஒட்டிக்கொள்கிறது, வால் விறைத்து நிற்கிறது. "பாருங்க, உறுமவே இல்லை" என்று உங்கள் மனைவி சொல்வது கேட்கிறது. அதன் பிறகுதான் உங்கள் கை கீழே இறங்குகிறது.

ராக்கி நிறையவே முன்னறிவிப்புக் கொடுத்திருக்கிறான். வேகமாகத் தின்றது, உறைந்து நின்றது, கண் வெள்ளை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். பழக்கமில்லாதவர் காதுக்கு எட்டக்கூடியது அந்த வரிசையில் உறுமல் ஒன்றுதான். அதை மட்டும் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். சாப்பாட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பதற்றம் அப்படியே இருக்கிறது. முன்னைவிடக் கூடியும் இருக்கும், ஏனென்றால் சாப்பாட்டு நேரத்தில் வரும் ஆள் இப்போது மல்லாக்கப் புரட்டவும் செய்கிறார். உறுமினால் புரட்டுகிறார்கள், உறுமாமல் இருந்தாலும் கை வருகிறது. மிச்சம் அவனிடம் இருப்பது பல்தான்.

ஆகவே இனி உறுமினால் நின்றுவிடுங்கள், பிறகு மெல்லப் பின்னால் போங்கள். அடிக்க வேண்டாம், அதட்டவும் வேண்டாம். "அப்படிச் செய்தால் அவன், தான் ஜெயித்துவிட்டதாக நினைக்க மாட்டானா?" என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். அவன் போட்டி எதிலும் இல்லை. தட்டு பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் அவனுக்குப் போதும்.

இந்தத் 'தலைவன்' கதை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயிற்சியாளர் மட்டுமல்ல, பாதி யூடியூப் இதை வைத்துத்தான் ஓடுகிறது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிச் சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து, அவற்றுக்குள் நடக்கும் அதிகாரச் சண்டைகளைப் பற்றி 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதினார். அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வெளியான தன் நூலில் அந்தக் கருத்தை எடுத்தாள, சண்டையில் ஜெயித்தவனே கூட்டத்தின் தலைவன் என்ற 'ஆல்ஃபா' கதை உலகம் முழுக்கப் பரவியது. பின்னாளில் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, 1999இல் அதே மெக் மாற்றி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். அங்கே யாரும் சண்டை போட்டுத் தலைவனாவதில்லை. அந்தப் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்தோடு அவரே வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். சொன்னவரே விட்டுவிட்டார், நம் ஊர் நாய்களைத்தான் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

தட்டில் கைவிட்டுப் பழக்குவதும் இதே வகை யோசனைதான். சில குட்டிகள் பொறுத்துக்கொள்ளும், அதைப் பார்த்து எல்லாக் குட்டிக்கும் சொல்லிவிடுகிறார்கள். ராக்கி மாதிரிக் குட்டி அதிலிருந்து கற்றுக்கொள்வது, தான் சாப்பிடும்போதெல்லாம் ஒரு கை வந்து தொந்தரவு செய்யும் என்பதை. போதாதற்கு இது லேப்ரடார். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாருக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்றும், அந்த நாய்களுக்கு உணவின் மேல் ஆசையும் உடல் எடையும் கூடுதல் என்றும் கண்டார்கள். ராக்கி அந்த வகையா என்று சோதிக்க வேண்டியதில்லை. சோற்றுக்காக எதையும் செய்யும் நாயைப் பழக்குவது சுலபம், அந்தச் சோற்றை நாம் சரியாகப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் பயிற்சியே வேண்டாம். எதையும் அவனிடமிருந்து பிடுங்காதீர்கள். செருப்பெல்லாம் அவனுக்கு எட்டாத உயரத்துக்குப் போகட்டும். சாப்பாட்டைத் தனி இடத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள், தின்று முடித்து அவனாக வெளியே வந்த பிறகு தட்டை எடுத்தால் போதும். உங்கள் அப்பா தன் தட்டிலிருந்து தோசை விள்ளல் போடுகிறவர் என்றால் அதையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுங்கள். (இதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்பது தெரியும்.)

அதன் பிறகு கோழி ஈரலை வேகவைத்து நகத்தளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். உப்பு, வெங்காயம் சேர்க்கக் கூடாது, வெங்காயம் நாய்க்கு ஆகாது. அவன் சாப்பிடும்போது, உங்களைப் பார்த்து உறையாத தூரம் எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள். வீடியோவைப் பார்த்தால் அது அடுப்படி வாசலுக்கு வெளியே, பத்தடி இருக்கலாம். அந்தத் தூரத்தில் நடந்து போகிறபோக்கில் ஒரு துண்டைத் தட்டின் பக்கம் எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். நிற்க வேண்டாம், பேச வேண்டாம், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நாலைந்து தடவை போதும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் நீங்கள் தெரிய வேண்டும், அப்புறம் ஈரல் விழ வேண்டும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், மணிச்சத்தம் கேட்டாலே சோறு வரும் என்று நாயைப் பழக்கினாரே, அங்கேயும் மணிச்சத்தம் முதலில், சோறு பிறகு. மாற்றிச் செய்தால் வேலை செய்யாது. சில நாளில் உங்களைக் கண்டதும் தட்டை விட்டுத் தலையைத் தூக்கி, வால் தளர்வாக ஆட, உங்கள் கையைப் பார்ப்பான். அப்போது ஓரடி கிட்டே வாருங்கள். மறுபடி சத்தம் நின்று உறைந்தான் என்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், பழைய தூரத்துக்கே திரும்புங்கள். தட்டுக்குப் பக்கத்தில் நின்று போடும் அளவுக்கு வர வாரங்கள் ஆகும். உங்களிடம் சரியானதும் மனைவி அதே பத்தடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருவரிடம் கற்றதை நாய் தானாக அடுத்தவரிடம் காட்டாது.

செருப்புக்குப் பண்டமாற்று. அவன் பெரிதாக மதிக்காத பழைய பந்து ஒன்றிலிருந்து தொடங்குங்கள். வாயில் பந்து இருக்கும்போது "கொடு" என்று சொல்லி, மூக்கருகே ஈரலைக் காட்டுங்கள், வாய் திறக்கும். ஈரலைத் தின்று முடித்ததும் பந்தை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கொடுத்தது திரும்பி வரும் என்று தெரிந்த நாய் ஒளித்து வைக்க ஓடாது. ஒருவேளை செருப்போடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் துரத்தாதீர்கள். அடுப்படியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாருங்கள், செருப்பைப் போட்டுவிட்டு வந்துவிடுவான்.

மகள் விஷயத்தில் நான் கறார். இந்தப் பயிற்சியில் அவளுக்கு வேலை இல்லை. ராக்கி தின்னும்போதும், எதையாவது கடித்துக்கொண்டிருக்கும்போதும், தூங்கும்போதும் அவள் கிட்டே போகக் கூடாது. மற்ற நேரத்தில் பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையை நம்பி இதை விட முடியாது, கதவோ தடுப்போ வேண்டும். அது உங்கள் வீட்டில் நடக்காது என்றால் வேறு வீடு பார்ப்பதுதான் நேர்மை, அப்போதும் கடித்ததை மறைக்காமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். நடக்கும் என்றால், எப்போது கடிப்பான் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிகிற ஒரு நாயைக் கொடுத்துவிட நான் சொல்ல மாட்டேன்.

பயிற்சி தொடங்கும் முன் இராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். தொங்கும் காதுள்ள லேப்ரடாருக்குக் காதில் சீழ் வைப்பது சகஜம், உண்ணிக் காய்ச்சலும் நம் பக்கம் நிறைய. வலியில் இருக்கும் நாய்க்குப் பொறுமை குறையும், அதற்கு ஈரல் மருந்தாகாது.

ஒரு மாதம் பயிற்சியாளரிடம் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே அவரைப் பார்த்து ராக்கி அடங்கித்தான் இருப்பான். சிக்கல் உங்கள் அடுப்படியில், உங்கள் கையைப் பார்த்து வருவது, அதை அங்கே வைத்துத்தான் மாற்ற முடியும். தவிர அவருடைய முறை என்ன என்பதை உங்கள் கையே சொல்கிறது.

விருந்தாளி மேல் பாய்வது சின்ன விஷயம். பெல் அடித்தால் முதலில் லீஷை மாட்டுங்கள், அப்புறம் கதவைத் திறங்கள். நாலு காலும் தரையில் இருந்தால்தான் யாரும் அவனைத் தொடவோ பேசவோ வேண்டும், பாய்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். "பரவாயில்லப்பா, எனக்கு நாய்னா பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே, பாய்கிறவனைத் தட்டிக்கொடுக்கும் மாமா ஒருவர் எல்லா வீட்டுக்கும் வருவார். அவர் வரும் நாளில் லீஷை இன்னும் கொஞ்சம் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.