ஊட்னடாட்டா தடம்: வாடகை வண்டியில் இரண்டு நாள்

ஊட்னடாட்டா தடத்தை இரண்டு நாளில் பார்க்க முடியுமா, டயர் பஞ்சரை எப்படித் தவிர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் இந்த மண்சாலையில் மரீ என்ற ஊரிலிருந்து ஊட்னடாட்டா ஊர் வரை ஏறக்குறைய 400 கி.மீ. 1980இல் மூடிய பழைய ‘கான்’ ரயில்பாதையின் மிச்சங்களை இரண்டு நாளில் தாராளமாகப் பார்க்கலாம், தயங்காதீர்கள். முதல் நாள் கர்டிமுர்கா ரயில் நிலையம், ஸ்ட்ராங்வேஸ் ஊற்றுத் தந்தி நிலைய இடிபாடுகள். இரவு வில்லியம் கிரீக் என்ற சிற்றூரில் தங்கல். அங்கே டேங்கை நிரப்புங்கள், அடுத்த பங்க் 200 கி.மீ. தள்ளி. மறுநாள் பெரும்பொழுதை அல்ஜபக்கினா ரயில் பாலத்துக்கு ஒதுக்குங்கள்: 1892இல் திறந்தது, 578 மீட்டர் நீள இரும்பு, அவ்வளவு அழகு!

நீங்கள் கேட்ட டயர் பஞ்சர்: தார்ச்சாலைக்கு வைக்கும் அதே டயர் காற்றழுத்தத்தோடு வேகமாக ஓட்டினால் கூர்கல் கிழித்துவிடும். காற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, மணிக்கு 80 கி.மீ.க்குள் ஓட்டுங்கள். வாடகை ஒப்பந்தம் மண்சாலையை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். மழை பெய்தால் சாலையை மூடுவார்கள், மீறினால் அபராதம்.